விடுபட்ட ஒரு வரியும் பாரி ஜிபியும்

சிவகாசியில் முப்பத்தொரு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறேன். காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டி லேபிள் என்று தொடங்கி, கடைசிப் பன்னிரண்டு வருடமாகப் பெரும்பாலும் பள்ளிக்கூடக் கணித வழிகாட்டிகள்தான். எழுத்துப் பிழையைக் கண் பிடித்துவிடும். எண் பிழையை அப்படிப் பிடிக்க முடியாது. 'கணிதம்' என்பதில் ஒரு சுழி கூடினால் சொல்லே கோணிக்கொண்டு நிற்கும். 5040 என்பது 5400 ஆனால் எதுவும் கோணாது. இரண்டும் நல்ல எண்களாகத்தான் தெரியும். அதனால் எண்ணுக்கென்று ஒரு கருவி வேண்டும் என்று ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். போன டிசம்பரில் கிடைத்தது. பாரி ஜிபி என்ற இலவச மென்பொருள். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். எந்த வேலையில் அதைச் சோதித்தேன் என்று சொல்லாவிட்டால் என் பாராட்டுக்கு மதிப்பில்லை என்பதால், அந்த வேலையிலிருந்து தொடங்குகிறேன்.

டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்த நாள், தேசிய கணித நாள். அதையொட்டி மாணவர்களுக்கான சின்னப் புத்தகம் ஒன்று அச்சுக்கு வந்தது. பக்கத்துக்குப் பக்கம் கட்டம் கட்டித் துணுக்குகள். பதினோராம் பக்கத்தில் இப்படி ஒன்று: "ராமானுஜன் 1915-ல் வெளியிட்ட பட்டியலில் விடுபட்டுப்போன ஒரே எண் 293318625600. இதற்கு 5400 காரணிகள் உண்டு." (காரணிகள் மிக அதிகமாக உள்ள எண்களின் பட்டியல் அது, பின்னால் சொல்கிறேன்.) பின்னட்டைக்கு முந்தின பக்கத்தில், வினாடி வினா விடையில் அதே எண்ணுக்கு 5040 என்று இருந்தது. ஒன்று சரி, ஒன்று தப்பு. எழுதியவருக்கு இரண்டு நாள் போன் போட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை. ஃபாரம், அதாவது அச்சுக்கான பக்கத் தொகுதி, வியாழக்கிழமை மிஷினுக்குப் போக வேண்டும். யாருக்குத் தெரியப்போகிறது என்று ஏதோ ஒன்றைப் போட்டுவிட என்னால் முடியாது. ராமானுஜன் விட்டுப்போன வரியைப் பற்றிச் சொல்கிற துணுக்கிலேயே பிழை இருந்தால், அதைப் படிக்கிற பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?

முதலில் மேசைமேல் இருந்த கால்குலேட்டரை எடுத்தேன். பில் போடுகிற கடைகளில் இருக்குமே, அந்தப் பெரிய பொத்தான் வைத்த பன்னிரண்டு இலக்க ரகம். எண் அதில் அச்சாக உட்கார்ந்தது. பன்னிரண்டு கட்டமும் நிறைந்துவிட்டது. இரண்டால் வகுத்துக்கொண்டே போனேன், பிறகு மூன்றால். எத்தனை தரம் வகுத்தோம் என்ற கணக்கு நடுவில் குழம்பியது. மறுபடி முதலிலிருந்து. தம்பி மகன் கல்லூரியில் கணிதம் படிக்கிறான். அவனுடைய கால்குலேட்டரில் காரணிப்படுத்தும் பொத்தானே உண்டு. ஆனால் அது பத்து இலக்கத்துக்கு மேல் தொடாது. எண்ணை அடித்தால் 2.933186256 பெருக்கல் பத்தின் 11-ஆம் அடுக்கு என்று சுருக்கிக் காட்டியது. கடைசி இரண்டும் சுழியம் என்பதால் இந்த எண்ணுக்கு அந்தச் சுருக்கம் கெடுதல் செய்யவில்லை. இன்னும் ஓர் இலக்கம் கூடியிருந்தால் நுனியைத் தானாகவே முழுமையாக்கி மாற்றியிருக்கும். நுனி இலக்கத்தை மாற்றுகிற கருவியை மெய்ப்பு வேலைக்கு எப்படி நம்புவது?

"அத்தை, இதுக்குன்னே ஒண்ணு இருக்கு, காசு கிடையாது" என்று அவன்தான் என் பழைய லேப்டாப்பில் பாரி ஜிபியை நிறுவினான். பேரைக் கேட்டதும் முல்லைக்குத் தேர் கொடுத்த பாரிதான் நினைவுக்கு வந்தார். பிரான்சில் போர்தோ பல்கலைக்கழகத்தில் 1980-களில் ஆன்ரி கோஹென் என்ற கணிதவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் தொடங்கியது இது. பாஸ்கல் என்ற நிரல்மொழியில் எண்கணிதத் தொகுப்பு ஒன்றை எழுத ஆரம்பித்து, அதன் சுருக்கமாக வந்த பெயராம் பாரி. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குப் பந்தயம் என்று பொருள். பாஸ்கல் என்ற பழைய அறிஞரின் புகழ்பெற்ற பந்தயத்தையும் சேர்த்து நினைத்துக்கொண்டு வைத்தது. எப்படி வந்த பெயரானாலும் பொருத்தம்தான். இத்தனை வருடம் உழைத்துச் செய்ததை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்திருக்கிறார்களே, அது வள்ளல் வேலைதான்.

திறந்தால் கறுப்புத் திரை. மேலே சில வரி ஆங்கிலம். 'இது இலவச மென்பொருள், எந்த உத்தரவாதமும் கிடையாது' என்று முதலிலேயே நேராகச் சொல்லிவிடுகிறது. கீழே ஒரு கேள்விக்குறி, அதன் பக்கத்தில் கர்சர். பொத்தான் கிடையாது, படம் கிடையாது. கேள்விக்குறிக்குப் பக்கத்தில் ஃபாக்டர் என்ற கட்டளையை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்து, அடைப்புக்குறிக்குள் எண்ணைப் போட்டு, எண்டர் தட்ட வேண்டும். முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டால் ஏற்காது. நம் வழக்கப்படி 2,93,31,86,25,600 என்று கமா போட்டாலும் ஏற்காது. கமாவை அது வேறு வேலைக்கு வைத்திருக்கிறது. விடையிலும் கமா இருக்காது. கோடி, லட்சம் என்று பிரித்தே படித்துப் பழகிய கண்ணுக்குப் பன்னிரண்டு இலக்கம் ஒரே கோடாகத் தெரிவது முதலில் கஷ்டம்தான். இந்த எண் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600 என்று ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

அப்படியும் முதல் தடவை ஒரு சுழியத்தை விட்டுவிட்டேன். காரணிகளின் எண்ணிக்கையைக் கேட்பதற்கு நம்டிவ் என்று ஒரு கட்டளை. அதில் 29331862560 என்று அடித்துவிட்டு எண்டரைத் தட்டினால் 2880 என்று வந்தது. 5040-உம் இல்லை, 5400-உம் இல்லை. துணுக்கு முழுக்கவே தப்போ என்று ஒரு நிமிடம் ஆடிப்போனேன். தம்பி மகன் எட்டிப் பார்த்து, "அத்தை, இலக்கத்தை எண்ணுங்க" என்றான். பதினொன்றுதான் இருந்தது. முழு எண்ணையும் அடித்ததும் 5040. முப்பத்தொரு வருட அனுபவம் இருந்தும் சுழியம் விட்டுப்போகத்தான் செய்கிறது. அதனால் இப்போதெல்லாம் நீளமான எண் எதையும் அடித்த கையோடு இலக்கங்களை எண்ணச் சொல்லியும் ஒரு கட்டளை கொடுத்துவிடுகிறேன். சம்டிஜிட்ஸ் என்று இலக்கக் கூட்டலுக்கும் ஒன்று இருக்கிறது. இந்த எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 45. கையெழுத்துப் பிரதியில் உள்ளதையும் கூட்டி இரண்டும் 45 என்று பார்த்தால் பாதிப் பயம் போய்விடும். (இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் இதில் தெரியாது, அதற்குக் கண்தான்.)

விடை வந்துவிட்டது, ஃபாரத்தில் திருத்திவிட்டேன். வேலை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஃபாக்டர் கட்டளை திரையில் வைத்திருந்ததை விட்டு என்னால் நகர முடியவில்லை. இரண்டு பத்தியாக, ஒவ்வொரு வரியும் தனித்தனி அடைப்புக்குள் வந்திருந்தது. இடது பக்கம் பகா எண், வலது பக்கம் அதன் அடுக்கு. 2-க்கு 6. 3-க்கு 4. 5-க்கு 2. 7-க்கு 2. பிறகு 11, 13, 17, 19 நான்குக்கும் ஒன்று ஒன்று. மேலிருந்து கீழே அடுக்குகளை மட்டும் படித்தால் 6, 4, 2, 2, 1, 1, 1, 1. கொலுப்படி மாதிரி இறங்கி வருகிறது. நடுவில் ஒரு பகா எண்ணைக்கூடத் தாண்டவில்லை.

5040 எப்படி வந்தது என்பதும் அதே இடத்தில் புரிந்தது. ஒரு காரணியை உண்டாக்க, 2-ஐ ஒன்றுகூட எடுக்காமல் விடலாம், அல்லது ஆறு வரை எடுக்கலாம்; அதற்கு ஏழு வழி. 3-க்கு ஐந்து வழி. 5-க்கும் 7-க்கும் மும்மூன்று. மிச்சம் நான்குக்கும் இரண்டிரண்டு. 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2. பெருக்கினால் 5040. கால்குலேட்டர்கூட வேண்டாம், விரல் விட்டே போட்டுவிடலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற கணக்கு, ஐந்து கட்டளைகளில் என் முன்னால் விரிந்துவிட்டது.

அதன் பிறகு அன்று ராத்திரி பத்து மணி வரைக்கும் அந்த எண்ணையே துருவிக்கொண்டிருந்தேன். டிவைசர்ஸ் என்று கேட்டால் 5040 காரணிகளையும் சிறிதிலிருந்து பெரிதாக வரிசையாகக் கொட்டுகிறது. திரை ஓடிக்கொண்டே இருக்கும், பயப்பட வேண்டாம். அந்த வரிசையின் ஆரம்பம் 1, 2, 3, 4 என்று ஒன்றுவிடாமல் 22 வரை போகிறது. 23 இல்லை, அடுத்தது 24. அதாவது 1 முதல் 22 வரை எதனால் வகுத்தாலும் மீதி வராது. 23-ஆல் வகுத்தால் 17 மீதி. 1 முதல் 22 வரை உள்ள எண்களின் மீச்சிறு பொது மடங்கு 232792560. அதைப் போல நம் எண் சரியாக 1260 மடங்கு. வரிசையின் நடுவில் ஒரு ஜோடியைப் பிடித்தேன்: 540540, 542640. இரண்டையும் பெருக்கினால் இதே எண். கிட்டத்தட்டச் சமமான இரண்டு எண்கள், அதிலும் 540540 என்பது பார்க்கவே அழகு. எல்லாக் காரணிகளையும் கூட்டச் சொன்னால் (சிக்மா என்று கட்டளை) 1642243014720 என்று வருகிறது. எண்ணைப் போல ஐந்தரை மடங்குக்கும் மேல்.

ஓர் எண் இவ்வளவு விதமாகப் பிரிந்து கொடுப்பது எதற்கு நல்லது என்று அச்சகத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழைய காலத்தில் ஒரு ரீம் பேப்பர் 480 தாள், 24 தாள் கொண்ட 20 குயர். இப்போது 500 தாள். 480-க்கு 24 காரணிகள், 500-க்குப் பன்னிரண்டுதான். 480-ஐ மூன்று பேருக்கும் பிரிக்கலாம், எட்டுப் பேருக்கும் பிரிக்கலாம். 500-ஐ மூன்று பேருக்கும் சமமாகப் பிரிக்க முடியாது, எட்டுப் பேருக்கும் முடியாது. தீப்பெட்டியைக் குரோஸ் (144) கணக்கில் கட்டுவதிலும், வட்டத்துக்கு 360 பாகை என்பதிலும் இதே வசதி உண்டு. பிளேட்டோ தன் கனவு நகரத்துக்கு 5040 குடும்பங்கள் வேண்டும் என்றாராம். 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் வகுபடும் என்பதால். நம் எண்ணின் காரணி எண்ணிக்கையும் அதே 5040 என்பதைக் கவனியுங்கள்.

தன்னைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் உள்ள எண்ணைத்தான் ராமானுஜன் தனியாகப் பிரித்துப் பெயர் வைத்தார். மிகு பகு எண் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என்று போகும். 12-க்கு ஆறு காரணிகள். அதற்குக் கீழே யாருக்கும் ஆறு கிடையாது. 1914-ல் கப்பலேறி கேம்பிரிட்ஜ் போனவர், 1915-ல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் இதைப் பற்றி அறுபது பக்கத்துக்கு மேல் எழுதினார். அந்தக் கட்டுரைக்காகத்தான் 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரித் தேர்வில் தேறாமல் போனவருக்குக் கிடைத்த பட்டம். சங்கத்துக்கு அப்போது பண நெருக்கடி, அதனால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமலே தங்கிவிட்டது. நிக்கோலா, ரோபின் என்ற இரண்டு பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் குறிப்புகளோடு அதை வெளிக்கொண்டுவந்தது 1997-ல். காகிதச் செலவுக்காகப் பக்கம் வெட்டுவதைத் தினமும் பார்க்கிறவள் நான். இதைப் படித்தபோது மனசு கனத்தது.

அந்தக் கட்டுரையில்தான் பட்டியல். 6746328388800 வரை நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை காரணிகள் என்பதோடு. எல்லாம் கையால் போட்டது. துணுக்கு சொன்னது நிஜமா, விடுபட்டது ஒன்றே ஒன்றுதானா என்று பார்த்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஒப்பு நோக்காமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை.

பாரி ஜிபியில் கட்டளைகளைக் கோத்துச் சின்ன நிரல் எழுதலாம். முதலில் நானே முயன்றேன்: ஒன்றிலிருந்து தொடங்கி ஒவ்வொரு எண்ணுக்கும் காரணிகளை எண்ணு, இதுவரை இல்லாத அதிகம் வந்தால் அச்சிடு. ஒரே வரிதான். பத்து லட்சம் வரை கொடுத்தேன். டம்ளரில் இருந்த காபியை ஒரு வாய் குடிப்பதற்குள் முடிந்துவிட்டது. கடைசி வரி 720720, காரணிகள் 240. ஆனால் 29,331 கோடி வரை இப்படி ஒவ்வொன்றாகப் போனால் நாள்கணக்கில் ஓடும். அங்கேதான் தம்பி மகன் ராமானுஜனையே துணைக்குக் கூப்பிட்டான். "அத்தை, அந்தக் கொலுப்படி எல்லா மிகு பகு எண்ணுக்கும் உண்டு. அது மட்டும் பாத்தா போதும்."

ஏன் என்று கேட்டேன். 18-ஐ எடுத்துக்கொள்ளச் சொன்னான். அதில் 2 ஒரு தரம், 3 இரண்டு தரம், ஆறு காரணிகள். அடுக்குகளை மாற்றிப் போட்டால் 2 இரண்டு தரம், 3 ஒரு தரம்: 12. காரணிகள் அதே ஆறு, எண் மட்டும் சின்னதாகிவிட்டது. ஆகவே பெரிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கு இருந்தால் அந்த எண் ஒருபோதும் பட்டியலில் வராது. படி இறங்கித்தான் ஆக வேண்டும். கடைசிப் படி எப்போதும் ஒன்றுதான், 4-உம் 36-உம் மட்டும் விலக்கு என்பதையும் ராமானுஜன் நிறுவியிருக்கிறார். படி இறங்குகிற எண்களை மட்டும் உண்டாக்கிப் பார்க்கிற நிரலைப் பதினைந்து வரியில் எழுதினான். எண்டர் தட்டிய விரலை எடுப்பதற்குள் முழுப் பட்டியலும் வந்துவிட்டது.

அதை அச்சகத்தில் அச்செடுத்துக்கொண்டேன். ராமானுஜனின் கட்டுரை இணையத்தில் படமாகக் கிடைக்கிறது. அதை அவன் லேப்டாப்பில் திறந்து வைத்துக்கொண்டான். அந்தக் காலத்தில் காப்பி ஹோல்டர் என்று ஓர் ஆள் மூலப் பிரதியை உரக்கப் படிக்க, மெய்ப்புத் திருத்துபவர் புரூஃபைப் பார்த்துக்கொண்டே வருவார். அந்த முறையில் உட்கார்ந்தோம். அவன் இலக்கம் இலக்கமாகப் படிக்கிறான், நான் ஒவ்வொரு வரிக்கும் பென்சிலால் டிக் போடுகிறேன். முக்கால்வாசிக்கு மேல் தாண்டியாயிற்று, ஒரு பிசகும் இல்லை.

"ரெண்டு நாலு பூஜ்யம் ஒன்பது நாலு பூஜ்யம் ரெண்டு ஒன்பது ஒன்பது ஆறு பூஜ்யம் பூஜ்யம். காரணி நாலாயிரத்து எண்ணூறு."

டிக்.

"மூணு ரெண்டு ஒண்ணு ரெண்டு அஞ்சு..."

"நிறுத்து."

என் தாளில் அடுத்த வரி 293318625600, 5040. அவன் படித்தது அதற்கும் அடுத்த வரி, 321253732800, 5376. மறுபடி படிக்கச் சொன்னேன். அதேதான். அங்கே வரி இல்லை. நூற்றுப்பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு புரூஃபில் விடுபட்ட வரியை நானும் ஒரு தரம் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. கை லேசாக நடுங்கியதை மறைக்கவில்லை. மீதி வரிகளும் படித்து முடித்தோம். வேறு எதுவும் விடுபடவில்லை. துணுக்கு சொன்னது சரி.

அது ஏன் யார் கண்ணிலும் படாமல் தப்பியது என்று ஒரு மெய்ப்புத் திருத்துபவளாக யோசித்துப் பார்த்தேன். பட்டியலில் ஒரு வரி விழுந்தால் வழக்கமாக இடைவெளி காட்டிக்கொடுக்கும். இங்கே 4800-க்குப் பிறகு 5376, இடைவெளி 576. ஆனால் அதற்குச் சற்றுக் கீழே 6144-க்குப் பிறகு 6720 வருகிறது, அங்கேயும் 576. எண்களைப் பார்த்தாலும் அப்படித்தான். 240940299600-ஐப் போல 321253732800 சரியாக மூன்றில் நான்கு மடங்கு. கீழேயும் 481880599200-லிருந்து 642507465600-க்குப் போவது அதே மூன்றில் நான்கு மடங்குதான். வரி விழுந்த இடம் மற்ற இடங்களைப் போலவே ஒழுங்காக இருக்கிறது. எப்பேர்ப்பட்ட கண்ணும் அங்கே தாண்டித்தான் போயிருக்கும். இதை அழுத்திச் சொல்கிறேன். இயந்திரம் இல்லாமல், இதற்கு முன்னால் யாரும் போடாத ஒரு பட்டியலை, லட்சம் கோடிகளைத் தாண்டி ஒரு மனிதர் போட்டிருக்கிறார். அதில் ஒன்றே ஒன்று விடுபட்டிருக்கிறது. என் வாழ்நாளில் முதல் புரூஃபே அவ்வளவு சுத்தமாக வந்து நான் பார்த்ததில்லை.

இன்னொன்று அன்று இரவே தெரியவந்தது. ராமானுஜன் பட்டியலை முடித்த 6746328388800-க்கு ஃபாக்டர் கொடுத்துப் பார்த்தேன். 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. அதே கொலுப்படி, கீழே ஒரு படி மட்டும் கூடுதல். அந்தப் படியில் 23. அப்படியென்றால் விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண் வர வேண்டும். பெருக்கிப் பார்த்தேன், வந்தது. விடுபட்ட எண்ணை எது வகுக்கவில்லையோ, அந்த முதல் எண்ணே 23. அதைக் கொண்டு பெருக்கியதும் காரணிகள் 5040-இலிருந்து நேர் இரண்டு மடங்காகி 10080. மேசைக் கால்குலேட்டரில் இதே பெருக்கலைப் போட்டுப் பார்த்தேன். பதின்மூன்றாவது இலக்கத்துக்கு இடமில்லாமல் 'ஈ' என்று காட்டி நின்றுவிட்டது.

மென்பொருளுக்கு வருகிறேன். பெரிய எண்களுக்கு இது அசராது. 2-இன் 67-ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் 147573952589676412927. இது பகா எண் என்று 1644-ல் மெர்சென் என்ற பிரெஞ்சு அறிஞர் சொல்லியிருந்தார். இல்லை, இது 193707721-ஐயும் 761838257287-ஐயும் பெருக்கி வருவது என்று 1903-ல் கோல் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் காட்டினார். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குச் செலவாயின என்று அவர் சொன்னதாகக் கதை உண்டு. பாரி ஜிபி அதை அடித்த உடனே கொடுத்துவிடுகிறது. ஆனால் எதைக் கொடுத்தாலும் உடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இணையப் பாதுகாப்புக்குப் பயன்படுகிற 617 இலக்க எண்கள் இருக்கின்றன. இரண்டே இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கல். அவற்றை எந்தக் கணினியும் இதுவரை உடைத்ததில்லை. அந்த மாதிரி எண்ணைக் கொடுத்தால் கர்சர் துடித்துக்கொண்டே நிற்கும். கன்ட்ரோல் சி அழுத்தி வெளியே வந்துவிடலாம்.

எனக்கு மிகவும் உதவுகிற இரண்டு வசதிகளைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு விடைக்கும் சதவீதக் குறி போட்டு வரிசை எண் தருகிறது. நாலாவது விடையைத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால் எண்ணை மறுபடி அடிக்க வேண்டாம், சதவீதக் குறியும் 4-உம் போதும். சுழியம் விடுகிற ஆபத்து அதோடு போயிற்று. இன்னொன்று, பின்சாய்கோடும் 'எல்' எழுத்தும் அடித்துவிட்டால் அன்றைக்குக் கேட்டது, வந்தது எல்லாம் ஒரு கோப்பில் பதிவாகிவிடும். "இந்த விடையை ஏன் மாத்துனீங்க?" என்று யாராவது கேட்டால் அதை அச்செடுத்துப் புரூஃபோடு பின் குத்திக் கொடுத்துவிடுகிறேன். வாக்குவாதமே வருவதில்லை.

கஷ்டம் என்றால் மொழிதான். உதவிப் பக்கங்கள் முழுக்க ஆங்கிலம், அதுவும் பெரிய கணிதவியலாளர்களை மனதில் வைத்து எழுதியது. நூற்றுக்கணக்கான கட்டளைகளில் எனக்கு வேண்டியது பத்துப் பன்னிரண்டு. கட்டளைகளைச் சுருக்கிப் போட்ட தாள் ஒன்று அவர்களே தருகிறார்கள். அதை அச்செடுத்து, வேண்டியதை மட்டும் மஞ்சள் பேனாவால் கோடிட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பக்கத்தில் தமிழில் என் கையெழுத்து: காரணிப்படுத்து, காரணி எண்ணிக்கை, மீ.சி.ம., இலக்கக் கூட்டல். முதல் வாரம் யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்து காட்டிக்கொடுத்தால் நல்லது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடுகிறது, பழைய கணினியே போதும். நிறுவுவதற்கு யோசனையாக இருந்தால் பாரி ஜிபியின் தளத்திலேயே உலாவிக்குள் ஓடுகிற வடிவம் இருக்கிறது, போனிலும் திறக்கலாம். கணித ஆசிரியர்கள், வழிகாட்டி போடுகிற பதிப்பாளர்கள், எண் மேல் ஆசை உள்ள பிள்ளைகள் எல்லாரும் ஒரு தடவை திறந்து பாருங்கள். கூட்டல் கழித்தல் மட்டும் போதும் என்பவர்களுக்குப் பழைய கால்குலேட்டரே சௌகரியம்.

புத்தகம் வியாழக்கிழமையே மிஷினுக்குப் போய்விட்டது, பதினோராம் பக்கத்தில் 5040 என்று. நாங்கள் ஒப்பு நோக்கிய தாள் இன்னும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. 240940299600-க்குக் கீழே சிவப்பு மையில் விடுபட்ட குறி போட்டிருக்கிறேன். தம்பி மகன் எழுதிய நிரல் ராமானுஜன் நிறுத்திய இடத்தைத் தாண்டியும் ஒரு வரி அச்சிட்டிருந்தது: 8995104518400, காரணிகள் 10368. அந்த வரிக்கு இன்னும் டிக் போடவில்லை. ஒப்பு நோக்க அங்கே மூலப் பிரதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை கையாலேயே போட்டுப் பார்க்கப் போகிறேன்.